ஞானப்பிரகாசியார் இரண்டடி குறைந்த வழக்கு

அத்தியாயம் 9

இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார், அரங்கத்தில் பள்ளிகொண்ட பெருமாள், நத்தர்வலி தர்கா, லூர்து மாதா என்று திருச்சியில் சத்தியம் வாங்கிக்கொள்ளும் அதிகாரம் படைத்த நான்கு இடங்களிலும் தனித்தனியாகச் சத்தியம் செய்து, நான்கிலும் ஆட்சேபணை இல்லை என்று தெரிந்த பிறகே இது அச்சுக்குப் போகிறது. நம்பிக்கை வராதவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு அடுத்த ஸ்டேஷனில் இறங்கிக்கொள்ளலாம். லக்கேஜை மறந்துவிட வேண்டாம்.

மன்சூர் தன் ஆட்டோவைப் பாலக்கரைப் பக்கத்துச் சந்து ஒன்றில் நிறுத்தியபோது காலை பத்து மணி. ஜூன் மாதத்து வெயில் அதற்குள்ளேயே மண்டையில் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டிருந்தது. பின்சீட்டிலிருந்து மயிலம்மாள் இறங்கினார்.

மயிலம்மாள் முப்பத்து நான்கு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அரை டிக்கெட்டில் வரும் பையன்களைப் பெட்டிக் கதவின் கைப்பிடிக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒரே பார்வையில் வயதைச் சொல்லிவிடுவார். மீசையைச் சிரைத்துக் கூட்டி வந்தாலும் தப்ப முடியாது. அந்தக் கண்ணை ஓய்வுக்குப் பிறகு சும்மா வைத்திருக்க மனமில்லாமல்தான் துப்பறியத் தொடங்கினார். மன்சூர் அந்த நாளில் மயிலாடுதுறை பாசஞ்சரில் சமோசா விற்றவர். பதினோரு முறை டிக்கெட் இல்லாமல் அவரிடம் பிடிபட்டார். பன்னிரண்டாவது முறை பிடிபட்டபோது உதவியாளராகச் சேர்ந்துவிட்டார்.

எதிரே புனித ஞானப்பிரகாசியார் ஆலயம். முகப்பு அந்தச் சந்துக்கு மிகப் பெரிது. கீழே நான்கு தட்டைத் தூண், மேலே நான்கு தட்டைத் தூண், அதற்கு மேல் முக்கோண நெற்றி, இரண்டு தோளிலும் ஜாங்கிரியைப் பாதி பிரித்து வைத்த மாதிரி கல் சுருள். ஐந்நூறு வருடத்துக்கு முன் இத்தாலியில் மறுமலர்ச்சி என்று ஒன்று நடந்த காலத்தில் அங்கே பங்குக் கோயில்கள் இப்படித்தான் முகம் வைத்துக்கொண்டிருந்தன. இந்த முகத்துக்கு இடப்பக்கம் ஒரு லாட்ஜும் வலப்பக்கம் ஒரு ஸ்கூலும் ஒட்டிக்கொண்டு நின்றதால் பக்கவாட்டு உடம்பை யாரும் பார்த்ததில்லை.

வாசல் மண்டபத்தில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் ஞானப்பிரகாசியார் சுரூபத்தை நிறுத்தியிருந்தார்கள். கறுப்பு அங்கி, கையில் சிலுவை, கன்னத்தில் பாதி பெயிண்ட். மொத்த உயரம் இரண்டடி.

பிரச்சினை அதுதான். பீடத்தில் நின்றவரை அவர் நாலடி இருந்தார்.

பங்குப் பேரவைச் செயலாளர் டோனி நடந்ததைச் சொன்னார். டோனிக்கு ஜெராக்ஸ் கடை. அதனால் எதையும் இரண்டு முறை சொல்வார். பீடத்துச் சுரூபம் நூற்று முப்பது வருடமாகக் கீழே இறங்கியதில்லை. தேர்ப்பவனிக்கு வேறு சுரூபம் உண்டு. இந்த வருடத் திருவிழாவுக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்று முதன்முறையாக இதை இறக்கச் சொன்னார்கள். இறக்கியது ஆலயத்தைப் பராமரித்து மணியடிக்கும் கோயில்பிள்ளை அற்புதசாமி. துணியில் சுற்றித் தோளில் தூக்கி வந்து வைத்தார். பிரித்துப் பார்த்தால் பாதி ஆள். நிஜச் சுரூபத்தை எங்கேயோ விற்றுவிட்டுச் சின்னதை வைத்துவிட்டார் என்பது டோனியின் முடிவு. பீடத்துக் கிராதிக்கு அப்பால் ஃபாதரும் கோயில்பிள்ளையும் தவிர யாரும் போகக்கூடாது என்பது அந்தப் பங்கின் பழைய கட்டளை. சாவியும் கோயில்பிள்ளையிடம்தான். சாயங்காலம் ஆறு மணிக்குக் கொடியேற்றம். அதற்குள் ஒரிஜினல் வரவில்லையென்றால் அற்புதசாமி வேலையை விட்டும், கோயில் பின்னால் இருக்கும் வீட்டை விட்டும் இறங்க வேண்டும். புகார் மனு தயார், மூன்று காப்பி.

"டிரை கிளீனிங் ஏதும் போட்டீங்களா?" என்றார் மன்சூர். "சில துணி அப்படித்தான் சுருங்கும்."

டோனி சிரிக்கவில்லை. நூற்றாண்டு மலரைப் பிரித்துக் காட்டினார். 'நான்கடி உயரமுள்ள எழில்மிகு சுரூபம்' என்று அச்சிலேயே இருந்தது. யார் அளந்தது என்று மயிலம்மாள் கேட்டார். எழுதிய தலைமையாசிரியர் நாற்பது வருடம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தவர், அவருக்கு அளக்க வேண்டிய அவசியம் என்ன என்று டோனி திருப்பிக் கேட்டார். இரண்டு முறை.

அற்புதசாமி ஒரு தூணோரம் நின்றிருந்தார். அறுபது வயது, முப்பத்தொரு வருட மணியடிப்பு, தோளில் துண்டு. மயிலம்மாள் எவ்வளவு பக்குவமாகக் கேட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"நான் ஒண்ணும் மாத்தலைங்க. அதுக்கு மேல சொல்லக்கூடாதுங்க."

பக்கத்தில் ஒரு ஃபாதர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. இவர் சின்ன ஃபாதர் என்றும், பெரிய ஃபாதர் பூசை நேரத்தில் மட்டும்தான் தரிசனம் கொடுப்பார், ஒன்பதரை அடி ஆள், கம்பீரம் என்றும் டோனி பெருமையாகச் சொன்னார். சின்ன ஃபாதர் அதைக் கேட்டு மேலும் சின்னதானார்.

மயிலம்மாளும் மன்சூரும் உள்ளே போனார்கள். வாசலில் நின்று பார்த்தபோது ஆலயம் ஜங்ஷன் முதலாம் பிளாட்பாரம் மாதிரி நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் தூண் வரிசை, வரிசைக்கு மேல் அரைவட்ட வளைவுகள், எங்கோ தொலைவில் பீடம். மன்சூர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார். ஆனால் நடக்கத் தொடங்கி, ஒரு பாட்டின் பல்லவியை முணுமுணுத்து முடிப்பதற்குள் கிராதியில் வயிறு இடித்தது.

"அக்கா, தூரம்னு பார்த்தா மணப்பாறை. நடந்தா பக்கத்து பிளாட்பாரம். என்ன கணக்கு இது?"

மயிலம்மாள் வேறு இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று, மூன்றாவது தூணடியில் சுருண்டு படுத்திருந்த கல் நாய். மன்சூர் அதில் தடுக்கி ஏற்கெனவே ஒரு சலாம் போட்டிருந்தார். நாய் யாருடையது என்று நூற்றாண்டு மலரிலும் இல்லை. ஆனாலும் பெண்கள் அதற்கு பிஸ்கட் வைக்கிறார்கள். இரண்டாவது, இடப்பக்கச் சுவரில் முழங்கால் உயரத்தில் இருந்த ஓட்டை. வட்டமும் இல்லை, சதுரமும் இல்லை. ஓரம் பிசிறு பிசிறாக, கீழ்ப்பக்கம் ஒரு வாலோடு, அதைக் கல்லிலேயே பொறுமையாகச் செதுக்கியிருந்தார்கள். அதன் வழியாக வெளிச்சமும் வரவில்லை, காற்றும் வரவில்லை. லாட்ஜில் யாரோ பல் தேய்க்கும் சத்தம் மட்டும் வந்தது.

கிராதிக்கு அப்பால் போகும் அனுமதி இல்லாததால், சுரூபம் நின்ற கல் மேடையில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்து வரும்படி, பின்னாலேயே வந்த சின்ன ஃபாதரிடம் மயிலம்மாள் சொன்னார். அவர் போய்ப் பார்த்து, அங்கிருந்தே படித்தார். அதற்குள் மன்சூர் திரும்பி ஷூ லேஸைத் தேடிக்கொண்டிருந்ததால் ஃபாதர் அங்கே எப்படித் தெரிந்தார் என்பதைக் கவனிக்கத் தவறிவிட்டார். தான் போட்டிருந்தது செருப்பு என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

கல்லில் இருந்தது இவ்வளவுதான்: '1891. மேற்பார்வை, ஸ்ரீரங்கம் கீழ உத்தர வீதி, ஓவர்சியர் திருமலாச்சாரி. படத்தில் கண்டபடி.'

மயிலம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"வண்டியை எடு மன்சூர். யாரும் கேள்வி கேக்காம ஒருத்தர் பதிலைக் கல்லுல வெட்ட மாட்டாரு."

காவிரிப் பாலத்தில் ஏறும்போது மன்சூர் ஆலயத்தின் கதையை நூற்றாண்டு மலரிலிருந்து சுருக்கிச் சொன்னார். சிக்னலில் நின்ற நேரத்தில் படித்தது. இத்தாலியிலிருந்து வந்த ஒரு சாமியாருக்குத் தன் சொந்த ஊர்ப் பங்குக் கோயிலை நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. அதே மாதிரி இங்கே கட்ட வேண்டும் என்று கோயிலின் படத்தைக் கப்பலில் வரவழைத்தார். அஸ்திவாரம் தோண்டிய மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தார். மீதியைப் படத்தை வைத்துக்கொண்டு ஊர்க்காரர்களே கட்டினார்கள்.

"அதாவது டிரைவர் இறங்கிட்டாரு, வண்டி மட்டும் போய்ச் சேர்ந்திருக்கு" என்று முடித்தார் மன்சூர்.

ராஜகோபுரத்தைத் தாண்டி, அடுத்த கோபுரத்தையும் தாண்டி, கீழ உத்தர வீதியில் திருமலாச்சாரியின் கொள்ளுப்பேரன் வீட்டைக் கண்டுபிடிக்கும்போது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. ஸ்ரீரங்கராஜன், பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், பளிச்சென்று திருமண்காப்பு, கையில் ரிமோட். வந்த விஷயத்தைச் சொன்னதும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். நூற்று முப்பது வருடத்தில் அந்தப் படத்தைக் கேட்டு வந்த முதல் ஆட்கள் இவர்கள்தானாம்.

"வாங்கோ, உக்காருங்கோ. காப்பி சாப்ட்டுண்டே பாக்கலாம். கொள்ளுத்தாத்தா பிரம்புப் பெட்டியிலே பத்திரமா எழுந்தருளப் பண்ணி வச்சிருக்கார்."

காப்பி வந்தது. பிறகு படம் வந்தது. பட்டுத்துணியில் சுற்றி, சந்தனம் கூட இட்டிருந்தார்கள்.

அது இத்தாலியில் யாரோ ஓர் ஓவியர், கோயில் வாசலில் நின்று உட்புறத்தைப் பார்த்து வரைந்த மைச்சித்திரம். அபாரமான கை. முன்னால் இருக்கும் தூண் பெரிதாக, அடுத்தது கொஞ்சம் சிறியதாக, அதற்கடுத்தது இன்னும் சிறியதாக, பீடம் வரைக்கும் எல்லாக் கோடும் ஒரு புள்ளியை நோக்கி ஓடின. தொலைவில் இருப்பது சிறிதாகத் தெரியும் என்பதைக் காகிதத்தில் பிடித்துக் காட்டும் அந்த வித்தையை மறுமலர்ச்சிக்காரர்கள்தான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள். மூன்றாவது தூணடியில் ஒரு நாய் தூங்கியது. ஓவியர் வரைந்த அன்று அது அங்கே படுத்திருந்திருக்க வேண்டும். இடப்பக்கச் சுவரில் ஒரு மைச்சொட்டு விழுந்து, கொஞ்சம் கீழே வழிந்திருந்தது.

மன்சூர் மைச்சொட்டையும் அதன் வாலையும் பார்த்தார். நாயைப் பார்த்தார். இடித்துக்கொண்ட கால் கட்டைவிரலைத் தடவினார்.

"யா அல்லாஹ். அக்கா, ஒரு ஈ உக்காந்திருந்தாலும் கட்டியிருப்பாரு."

ஸ்ரீரங்கராஜன் இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். கொள்ளுத்தாத்தா பிரதி எடுத்தால் ஓர் எழுத்து மாறாது, பாசுரம் சேவித்தால் ஒரு மாத்திரை குறையாது. கொடுத்ததைக் கொடுத்தபடி செய்பவர். காகிதத்தில் ஓர் அங்குலம் என்றால் தரையில் நாலடி என்று வைத்துக்கொண்டு, குச்சியால் ஒவ்வொரு தூணையும் படத்திலிருந்தே அளந்து கட்டினார். முதல் தூண் பதினெட்டு அடி. கடைசித் தூண் ஒன்பது அடி. தரை பீடத்தை நோக்கி ஏறும், கூரை இறங்கும், இரண்டு சுவரும் நெருங்கும். கொத்தனார்கள் கூட இப்படியா என்று ஒரு முறை கேட்டார்களாம். அதற்குத்தான் கல்லில் பதில்.

மயிலம்மாள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். இவ்வளவு படித்த ஓவர்சியருக்கு, ஒரு கட்டடம் உள்ளே போகப் போகச் சிறுத்துக்கொண்டே போவது விநோதமாகவே தோன்றவில்லையா என்று கேட்டார்.

ஸ்ரீரங்கராஜன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். எழுந்து வந்து, வாசல் பக்கமாகக் கையை நீட்டினார்.

"நீங்க எப்படி வந்தேள்? ராஜகோபுரம் வழியா. அப்புறம் அடுத்த கோபுரம், அது அதைவிடச் சின்னது. இன்னும் உள்ளே போனா இன்னும் சின்னது. கொள்ளுத்தாத்தா காலத்திலே ராஜகோபுரம் மொட்டையா நின்னுது, அதை விட்டுடுங்கோ. மத்ததெல்லாம் அன்னைக்கும் இப்படித்தான். உள்ளே போகப் போக வாசல் சின்னதாகணும், உள்ளே இருக்கறவர் பெரியவராத் தெரியணும். அதானே சம்பிரதாயம். வெள்ளைக்காராளுக்கும் இது தெரிஞ்சிருக்கேன்னு அவருக்குப் பரம சந்தோஷம்."

மயிலம்மாள் படத்தைக் கடன் கேட்டார். ஸ்ரீரங்கராஜன் படத்தைத் தனியாக அனுப்பச் சம்மதிக்கவில்லை. மாம்பழச் சாலை டிராஃபிக்கில், மடியில் பிரம்புப் பெட்டியோடு அவரும் ஆட்டோவில் வந்தார்.

அவர்கள் சேர்ந்தபோது ஐந்தே முக்கால். கொடிமரத்தைச் சுற்றிக் கூட்டம், பேண்டு வாத்தியம், பட்டாசு. அற்புதசாமியின் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வெளியே எடுத்து வைத்திருந்தார். டோனியின் கையில் மனு.

மயிலம்மாள் எல்லோரையும் ஆலயத்துக்குள் வரச் சொன்னார். படத்தைப் பிரித்துக் காட்டினார். நாய், மைச்சொட்டு, தூண் எல்லாவற்றையும் விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, டிக்கெட் கேட்கும் அதே குரலில் பேசினார்.

"தூரத்துல இருக்கறது சின்னதாத் தெரியும். ஓவியர் தெரியறபடி வரைஞ்சாரு. ஓவர்சியர் வரைஞ்சபடி கட்டிட்டாரு. அங்க நிக்கிற ஒம்பதடித் தூணைப் பதினெட்டடின்னு நம்புற கண்ணு, ரெண்டடி சுரூபத்தை நாலடின்னுதான் நம்பும். யாரும் எதையும் மாத்தலை. இறக்கி வச்சதுதான் தப்பு."

நம்பாத முகங்கள். மயிலம்மாள் மன்சூரைப் பீடத்துக்குப் போகச் சொன்னார். அன்றைக்கு மட்டும் கட்டளை தளர்த்தப்பட்டது. மன்சூர் நடந்தார். நடக்க நடக்க வளர்ந்தார். ஆறாவது தூணில் எட்டடி, பீடத்தடியில் பதினோரடி. கூட்டத்தில் ஒரு குழந்தை வீறிட்டது. அங்கிருந்து மன்சூர் இனிமேல் ஆட்டோவில் மீட்டருக்கு மேல் யாரும் பேரம் பேச வேண்டாம் என்று அறிவித்தார்.

டோனிக்கு அப்போதும் சந்தேகம். தானே போய்ப் பார்க்கிறேன் என்று கிளம்பினார். ஐந்தடி நாலங்குல டோனி பீடத்தருகே பத்தடி டோனியாகி நின்று, கீழே இருந்த மொத்தப் பங்கு மக்களையும் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சாந்தம் வந்தது. இறங்கி வரச் சொல்லி மூன்று முறை அழைக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து பானுமதி என்ற ஆசிரியை, அப்படியானால் பெரிய ஃபாதர் எங்கே என்று கேட்டார்.

எல்லோரும் சின்ன ஃபாதரைப் பார்த்தார்கள். சின்ன ஃபாதர் தரையைப் பார்த்தார். நாலரை வருடமாக இந்தப் பங்குக்கு ஒரே ஒரு ஃபாதர்தான். பீடத்தில் நின்றால் பெரியவர், தெருவில் நடந்தால் சின்னவர். கிறிஸ்துமஸ் பிரியாணியை ஊர் இரண்டு கேரியரில் அனுப்பியது. பெரிய ஃபாதரிடம் சின்ன ஃபாதரைப் பற்றிக் கோள் சொன்னவர்கள் பதினேழு பேர். அந்தப் பதினேழு பேரும் அந்த நிமிடம் கூரையின் அழகை ஆராயத் தொடங்கினார்கள்.

"முதல் வாரமே சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார் ஃபாதர் மெதுவாக. "ஆனா பெரியவர் சொன்னாத்தான் எல்லாரும் கேக்குறீங்க."

மயிலம்மாள் அற்புதசாமியின் பக்கம் திரும்பினார். முப்பத்தொரு வருடம் தினமும் துடைத்த சுரூபம் இரண்டடி என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாதே, காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

அற்புதசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"துடைக்கும்போது இடுப்புக்கு வருவாருங்க. கீழ வந்து நின்னு கும்பிட்டா அவ்வளவு பெருசா நிப்பாரு. எனக்கு மட்டும் நடக்குற புதுமை, அற்புதம்னு நெனச்சேன். வெளிய சொன்னா நின்னு போயிடுமோன்னு பயம். வேலை போனா போகட்டும்னு இருந்துட்டேங்க."

டோனி மூன்று காப்பி மனுவையும் கிழித்தார். அற்புதசாமியிடம் மன்னிப்புக் கேட்டார், இரண்டு முறை. அற்புதசாமியின் மனைவி சாக்கை அவிழ்த்துப் பாத்திரங்களை உள்ளே கொண்டுபோனார். இளைஞர்கள் சுரூபத்தைத் தூக்கப் போனார்கள். அற்புதசாமி அவர்களை விலக்கிவிட்டு, தானே தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு தூணைத் தாண்டும்போதும் இருவரும் சேர்ந்து வளர்ந்தார்கள். மேடையில் வைத்துவிட்டு விலகியபோது ஞானப்பிரகாசியார் நாலடி நின்றார். கூட்டம் தானாக முழங்கால் போட்டது. ஸ்ரீரங்கராஜன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிரம்புப் பெட்டியை மூடினார். ஆறு மணி பத்து நிமிடத்துக்குக் கொடி ஏறியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, உட்புறத்துக்கும் பெயிண்ட் எவ்வளவு பிடிக்கும் என்று பார்க்க ஒரு இன்ஜினியர் வந்தார். அற்புதசாமி ஏணியைப் பிடித்துக்கொள்ள, அவர் டேப் வைத்து எல்லாத் தூணையும் அளந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வாசல் தூண் பதினெட்டு அடி. ஓவர்சியர் ஒன்பது அடியில் கட்டிய பீடத்துத் தூணும் பதினெட்டு அடி.